யூரியாவை மட்டும் கொட்டினால் போதுமா? முதல்ல மண்ணை பாருங்க!

நெல்லை:

தாமிரபரணி பாசனத்தில் கார், பிசானம் என 2 போகம் நெல் விளைகிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததும் நாற்று, நடவு, யூரியா என வேலை பறக்கும். மண்ணில் என்ன சத்து இருக்குன்னு பார்க்காமல் உரம் போட்டால் காசுதான் வீண்.

பச்சை ஏமாற்றும்

45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை ரூ.1,350. யூரியா விலை குறைவு, போட்ட சில நாளிலேயே பயிரும் கரும்பச்சை ஆகிவிடும். அதனால் அதையே கூடுதலாக போடுகிறார்கள்.

ஆனால் தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் குலைநோய், புகையான், இலைசுருட்டுப்புழு தேடி வரும். கதிர் முற்றும்போது காற்று, மழை அடித்தால் பயிர் சாய்ந்துவிடும்.

வேருக்கு மணிச்சத்து, தண்டுக்கு சாம்பல் சத்து வேண்டும். துத்தநாகம் குறைந்தால் அடி இலையில் துரு நிறப்புள்ளி விழுந்து பயிர் குன்றிப்போகும். அதற்கு யூரியா மருந்தல்ல. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட வேண்டும்.

மண் எடுப்பது எப்படி?

* அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடும் முன் எடுக்க வேண்டும்.

* வரப்பு, வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குழி பக்கம் கூடாது.

* மம்பட்டியால் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாக சுரண்ட வேண்டும்.

* இப்படி 10 முதல் 15 இடத்தில் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவை துணிப்பையில் கட்டினால் போதும்.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விவரம் கேட்கலாம். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையில் கார, அமில நிலை முதல் துத்தநாகம் வரை 12 விவரங்கள் இருக்கும். எந்த உரம் எவ்வளவு என்ற பரிந்துரையும் அதிலேயே உண்டு. உரக்கடைக்கு போகும்போது அட்டையை கையில் கொண்டு போனால் தேவையில்லாத மூட்டைக்கு பணம் கொடுக்க வேண்டியதில்லை.