வான சாஸ்திரம் பயில விரும்புவோர்க்கு

விடிவெள்ளியைக் கண்டு பொழுதறிவது வீராம்பட்டினம் போன்ற கடற்கரையூர்களில் வாழ்வோர்க்குப் பழகிய செய்தி. அவ்வெள்ளியின்பொருட்டே கடல் கடந்து இப்பக்கம் வந்து சேர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சு தேசத்து வான சாஸ்திரியாராகிய லெ ழாந்தி. சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து செல்லும் நேரத்தைப் பூமியின் பல இடங்களினின்று அளந்தால், சூரியனுக்கும் நமக்குமுள்ள தூரத்தைக் கணித்தறியலாம். இதன்பொருட்டு அவர் 1760-ஆம் ஆண்டு கப்பலேறினார். அவர் வந்து சேருமுன்னரே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761-இல் நிகழ்ந்த கடப்பை ஆடுகின்ற கப்பலிலிருந்து பயனின்றிப் பார்க்க நேர்ந்தது. எட்டாண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் 4-ஆம் தேதி காலை புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றபோது மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபின் வெயில் எறித்ததாம்!

எனினும் அவர் புதுவையில் வாழ்ந்த காலம் வீணாகவில்லை. தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணித்துப் பார்க்கையில் 41 விநாடி மாத்திரமே குறைந்தது; ஐரோப்பாவில் பெயர் பெற்ற மேயரின் அட்டவணைப்படியோ 68 விநாடி மிகுந்தது. (வீராம்பட்டினத்துப் பழஞ்சின்னங்களைக் குறித்தும் அவர் எழுதியுள்ளார், பிற்காலத்தில் அரிக்கமேடு என்று உலகம் அறிந்தது அவ்விடமே.)

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. நம் முன்னோர் கணக்கில் வல்லவராயிருந்தும், கிரகங்கள் அவ்வாறு இயங்குவது எதனால் என்னும் வினாவிற்கு அவ்வாய்பாடுகளில் விடை இல்லை. விடை பௌதிக சாஸ்திரத்தில் உள்ளது. ஆகவே நட்சத்திரங்களைப் பற்றிப் பயில ஆசைகொண்டு எம்மிடம் வரும் மாணாக்கர், “வான சாஸ்திரப் பட்டம் எங்கே கிடைக்கும்?” என்று வினவுங்கால், “முதலிற் பௌதிகத்தையும் கணிதத்தையும் பயிலுக” என்றே விடையளிக்கிறோம். அவர்கள் முகம் வாடுகிறது. ஆயினும் உண்மை அதுவே.

அத்துறையின் பெயரையே தாங்கிய இளங்கலைப் பட்டம் நம் நாட்டில் மிக அரிது. இருப்பினும் அதனால் நட்டமில்லை. சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-ஆம் ஆண்டு பெற்றது பௌதிக ஆனர்ஸ் பட்டமே. அவர் மனம் கணிதத்தில் இருந்தது. தந்தையார் பௌதிகத்தை வற்புறுத்தினார். அவ்வாண்டே அரசினர் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலிற் செல்லும் வழியில், வெண்குறு நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டார். 1983-இல் நோபல் பரிசு பெற்ற பெருமைக்கு வித்து அது. காவலூர்த் தொலைநோக்கிக்குத் தம் பெயரைத் தந்த வைணு பாப்பு என்பாரும் பௌதிகத்தில் முதுகலை முடித்த பின்னரே ஹார்வர்டு சென்றார்.

இனி வழிகளைக் கூறுவோம். பள்ளியின் இறுதி ஈராண்டில் கணிதத்தைக் கைவிட்ட மாணவனுக்கு இத்துறையின் கதவு ஏறக்குறைய அடைபட்டதே என்பதைப் பெற்றோர் முன்னமே அறிதல் நலம். வெளியூர் அனுப்ப வசதியில்லாதோர் புதுவை அரசினர் கல்லூரிகளில் சென்டாக் மூலமாகப் பௌதிகம் சேர்ந்து படிக்கலாம். அதனை ஒரு குறையாக எண்ண வேண்டுவதில்லை. வசதியும் துணிவும் உடையோர் திருப்பதி, திருவனந்தபுரம் முதலிய இடங்களிலுள்ள ஐசர் கல்விக்கழகங்களுக்கு அவற்றின் பிரவேசப் பரீட்சையை எழுதலாம். பின்னர் முதுகலையில் துறையைக் குறுக்கிக்கொள்ளலாம். ஹைதராபாத்து உஸ்மானியா சர்வகலாசாலையில் வான சாஸ்திரத்திலேயே முதுகலை உண்டு, இந்தூர் ஐ.ஐ.டி.யிலும் உண்டு, அதற்கு ‘ஜாம்’ பரீட்சை வேண்டும். ஆராய்ச்சிக்குச் செல்வோர் ‘ஜெஸ்ட்’, ‘நெட்’, ‘கேட்’ இவற்றுள் ஒன்றையேனும் எழுதுதல் வழக்கம்.

ஓர் எச்சரிக்கை: சோதிடத்தையும் பல்கலைக்கழகப் பாடமாக்கியுள்ள இடங்கள் இந்நாட்டில் உள. பெயரின் ஒற்றுமையைக் கண்டு மயங்காது, பாடத்திட்டத்தை வரவழைத்துப் படித்துப் பார்த்த பின்னரே கட்டணம் செலுத்துக.

விண்ணப்பத்தில், “இளமை முதல் வானத்தை வியந்து நோக்கினேன்” என்று எழுதாதார் இலர். தேர்வாளர்க்கு அதனால் யாதும் விளங்காது. நீ எந்தக் கணக்கை முயன்றாய், எந்த அளவையை எடுத்தாய், எங்கே பிழைத்தாய் என்று எழுதுவதே உன்னைக் காட்டும். அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் ஒரு திங்கள் நீரேற்றத்தை நாள்தோறும் குறித்துச் சந்திரனோடு ஒப்பிட்ட மாணவன், நேர்முகத்தில் ஒரு நாழிகை பேசப் பொருள் பெற்றவனாவான். இதற்குத் தொலைநோக்கியும் வேண்டா. அளவுகோலும் குறிப்பேடும் போதும்.

“இத்தனை ஆண்டு படித்தால் குடும்பத்திற்குச் சோறு போடுவது யார்?” என்று கட்டுமரக்காரத் தந்தை ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பட்டம் முடித்து ஐந்தாறாண்டு பொறுத்தல் எளிதன்று. ஆயினும் ஆராய்ச்சி மாணாக்கர் கட்டணம் செலுத்திப் படிப்பவர் மட்டுமல்லர். நெட் முதலிய பரீட்சைகளில் தேறி மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெறுவோர்க்கு 2023 முதல் அது திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனை வீட்டில் முன்னமே சொல்லிவைத்தல் வேண்டும்.

பெங்களூர் இந்திய வான பௌதிகக் கழகத்தின் கீழ்க் கொடைக்கானல், காவலூர், லடாக்கின் ஹான்லே ஆகிய இடங்களில் தொலைநோக்கிகள் இயங்குகின்றன. அக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வோர் பலர் பட்டத்திற்காகப் பதிந்துகொண்டது எங்கேயெனில், வீராம்பட்டினத்தினின்று சில நாழிகைப் பேருந்துப் பயணத்திற்குள் அடங்கும் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில்.