விளையாட்டு ஏன் தாமதிக்கிறது? காசு கொடுக்குமுன் ஒரு நிமிடம்!



"உம்மா, கேம் ஸ்டக் ஆகுது. புதுக் கார்ட் ஒண்டு வாங்கித் தாங்க!"

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பியூட்டர் உள்ள வீடுகளில் இந்தக் குரலைக் கேட்கலாம். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். கண்டிக்குப் பஸ் ஏறிப் போய் விலை கேட்பதும், கேட்டுவிட்டுத் திகைப்பதும் உங்கள் தலையில் விழும். கடைக்காரர் ஒன்று சொல்வார். மகனின் கூட்டாளி வேறொன்று சொல்வான். காசு மட்டும் உங்கள் கையில்!

பிள்ளை விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு வீடும் தனக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம். இங்கே நாம் பார்க்கப் போவது ஒன்றே ஒன்றுதான். விளையாட்டு தாமதிப்பதற்கு உண்மையில் எந்தப் பாகம் காரணம்? பல வீடுகளில் மகன் கேட்கும் பெருவிலைக் கார்ட் அல்ல, கம்பியூட்டருக்குள் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி அல்ல. அதை எப்படி அறிவது?

உங்கள் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் ஸ்டோர் அறையில் இருக்கின்றன. சமைக்கும் நேரத்தில் வேண்டியதை எடுத்து வந்து மேசையில் வைக்கிறீர்கள். நீங்கள் வெட்டுகிறீர்கள், கலக்கிறீர்கள், அடுப்பு எரிகிறது. கம்பியூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடுதான். ஸ்டோர் அறை என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. மேசை என்பது ரேம். வேலை செய்யும் கை புரொசஸர். அடுப்புத்தான் மகன் கேட்கும் கிராபிக்ஸ் கார்ட். திரையில் படம் விநாடிக்கு 30 தடவையோ 60 தடவையோ புதிதாக வரையப்படுகிறதே, அதை வரைவது இந்த அடுப்பு.

இப்போது சொல்லுங்கள், அரிசி மூட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தால் நெருப்பு கூடுதலாக எரியுமா? எரியாது! அதுபோலத்தான், எஸ்.எஸ்.டி. மாட்டினால் விநாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைவது காத்திருப்பு. விளையாட்டு தொடங்கும் நேரமும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் நேரமும் நன்றாகச் சுருங்கும். இன்னொன்றும் உண்டு. இன்றைய பெரிய விளையாட்டுகளில் பிள்ளை ஒரு நகரத்துக்குள் வாகனம் ஓட்டிக்கொண்டே போகிறான். வீதியும் கட்டடமும் மரமும் அவன் போகப் போக ஸ்டோர் அறையிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். வந்து சேரப் பிந்தினால் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும், அல்லது சுவர்கள் கஞ்சி போலக் கலங்கித் தெரியும். அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. சட்டியில் போட ஒன்றும் இல்லை!

ஹார்ட் டிஸ்க் ஏன் பிந்துகிறது? அதற்குள் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. பழைய கிராமபோன் பெட்டியின் ஊசிக் கையைப் போல ஒரு கை அவற்றின் மேல் அங்குமிங்கும் ஓடித் தகவலைப் படிக்கிறது. ஒரே வரிசையில் கிடப்பதைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை தந்துவிடும். ஆனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் ஓடிச் சேர ஏறக்குறைய 10 மில்லி விநாடி வேண்டும். அதாவது ஒரு விநாடியில் நூறு இடங்கள்; பெரும்பாலும் அதற்கும் குறைவு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. எல்லாம் சில்லுதான். அது ஒரு விநாடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டு வரும்.

இந்தக் கையின் ஓட்டத்தைக் குறைக்க விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். திரும்பத் திரும்பத் தேவைப்படும் பொருட்களை வட்டில் பல இடங்களில் பிரதி செய்து வைத்தார்கள். 2018இல் வந்த ஸ்பைடர்மேன் விளையாட்டில் சில தரவுகள் ஹார்ட் டிஸ்க்கில் 400 தடவை பிரதி செய்யப்பட்டிருந்தனவாம்! பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் சொன்ன விபரம் இது. வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஓர் உப்புப் போத்தல் வைப்பது போல!

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். மாதாமாதம் இணையப் பொதிக்குக் காசு கட்டுபவர் யார்? ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு கம்பியூட்டரில் ஏறக்குறைய 154 கிகாபைட் இடத்தைப் பிடித்தது. பிரதிகளையெல்லாம் நீக்கிய பதிப்பு 2025 டிசம்பரில் வந்தது. அதன் அளவு சுமார் 23 கிகாபைட்! ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்காகவே அந்தப் பிரதிகள் அங்கே இருந்தன. அவற்றை நீக்கிய பிறகும் பழைய வட்டுகளில் காத்திருப்பு பெரிதாகக் கூடவில்லை என்பது அதைவிட வேடிக்கை. விளையாட்டுக் களத்தைப் புதிதாக உருவாக்கும் வேலையில்தான் நேரம் போய்க்கொண்டிருந்ததாம். அதுவரை 154 கிகாபைட்டையும் இறக்கிய வீடுகளின் பொதிக் காசை யார் திருப்பித் தரப் போகிறார்கள்?

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 எஸ்.எஸ்.டி.யோடு வெளிவந்த பிறகு காற்று திசை மாறியது. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட், பால்டர்ஸ் கேட் 3 ஆகிய விளையாட்டுகள் எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே தம் தேவைப் பட்டியலில் எழுதின. சைபர்பங்க் 2077 அதே வருடம் தன் தேவைப் பட்டியலிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டது. ஆகவே மகன் இவற்றைக் கேட்டால் பழைய வட்டில் போராடுவது வீண். (அந்த மூன்றில் பின்னைய இரண்டும், ஜீ.டி.ஏ.யும் ஐரோப்பியத் தரப்படுத்தலில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியவை. பெட்டியில் உள்ள எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள்.)

ஆனாலும் எல்லாப் பழியையும் வட்டின் மேல் போட முடியாது. ஜீ.டி.ஏ. இணைய விளையாட்டு திறக்கப் பல நிமிடங்கள் எடுத்தது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. 2021 பெப்ரவரியில் ஒரு புரோகிராமர் தன் வீட்டிலிருந்தே ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பொருட்பட்டியலை அந்த விளையாட்டு மிகவும் சுற்றி வளைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அவர் திருத்தியபோது ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்தது. கம்பனி தவறைச் சரிசெய்து அவருக்கு 10,000 டொலர் பரிசும் கொடுத்தது. அதுவரை எவ்வளவு விலை கூடிய எஸ்.எஸ்.டி. மாட்டியவரும் அந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் இறுகிக் கிடக்கும்போது புது வாகனம் என்ன, பழைய வாகனம் என்ன!

நீங்களே பார்த்துவிடலாம்

கடைக்குப் போகுமுன் ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டு திணறும் நேரத்தில் மகனை நிறுத்தச் சொல்லாமல், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மனேஜர் என்ற பெட்டி திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில் புரொசஸர், மெமரி, டிஸ்க், ஜீ.பீ.யூ. என்று ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று தெரியும். டிஸ்க்கின் அருகே எச்.டி.டி.யா, எஸ்.எஸ்.டி.யா என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, ஜீ.பீ.யூ. சும்மா இருக்கிறதா? அப்படியானால் மகன் கேட்கும் கார்டால் பயனில்லை, வட்டை மாற்றுங்கள். ஜீ.பீ.யூ. 100இல் நிற்க, டிஸ்க் அமைதியாக இருந்தால் பிள்ளை சொன்னதுதான் சரி. மெமரி நிறைந்து வழிந்தால் மேசை போதவில்லை, ரேம் சேர்க்க வேண்டும். மேசையில் இடமில்லாதபோது கம்பியூட்டர் சாமான்களைத் திரும்பத் திரும்ப ஸ்டோர் அறைக்கே தூக்கிப் போகும்; அப்போது டிஸ்க்கும் சேர்ந்து 100ஐக் காட்டும். ஆகவே மெமரியையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

எஸ்.எஸ்.டி.தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, எந்த வகை? கையளவு தட்டையான சாட்டா வகை விநாடிக்கு 550 மெகாபைட் வரை தரும். சூயிங்கம் துண்டு போன்ற என்.வி.எம்.ஈ. வகை 3,500, 7,000, அதற்கு மேலும் தரும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில விநாடிகள்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறுவதே பெரிய பாய்ச்சல். பழைய கம்பியூட்டர் பலவற்றில் என்.வி.எம்.ஈ. மாட்ட இடமே இருக்காது. சாட்டாவோ அநேகமாக எதிலும் பொருந்தும். இடமிருந்து, விலையும் ஒன்றாக இருந்தால் என்.வி.எம்.ஈ. வாங்குங்கள். அதிக வேகத்துக்குக் கொடுக்கும் காசை அதிக கொள்ளளவுக்குக் கொடுப்பதே என் பார்வையில் புத்திசாலித்தனம். 150 கிகாபைட் விளையாட்டு ஒன்று உட்கார்ந்தால் 256 கிகாபைட் வட்டில் மூச்சுவிட இடமிருக்காது. நிறைந்த வட்டு எஸ்.எஸ்.டி.யானாலும் மந்தமாகிவிடும். 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே போன வருடம் அயல்வீட்டார் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாமல் இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள்.

இந்த மாற்றம் மகனுக்கு மட்டுமல்ல. உயர்தரம் படிக்கும் மகளின் ஸூம் வகுப்பும், வீட்டிலிருந்தே தையல் ஓடர் எடுக்கும் உங்கள் கணக்கும் அதே கம்பியூட்டரில்தானே? விண்டோஸையும் எஸ்.எஸ்.டி.யில் நிறுவச் சொல்லுங்கள். சுவிட்ச் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போகும் பழக்கம் நின்றுவிடும்.

பாவித்த எஸ்.எஸ்.டி. மலிவாகக் கிடைக்கிறதென்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடியது, உடல்நலம் எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும். எழுத எழுதத் தேயும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் நல்ல 500 கிகாபைட் வட்டுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் 300 டெராபைட் எழுத்துக்கு உத்தரவாதம் தருகிறார். ஒரு நாளைக்கு 20 கிகாபைட் எழுதினாலும் 15,000 நாட்கள், அதாவது 40 வருடத்துக்கு மேல்!

நம் பகுதிக்கென்று சில கவலைகள் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடித்தால் கரண்ட் போய்விடும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு வகை வட்டும் கெடலாம். ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கக் காசு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இன்னுமொரு விடயம், விளையாட்டைவிடப் பெரியது. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் சில வேளைகளில் கடகடவென்று முனகும். அப்போது நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். எஸ்.எஸ்.டி. பல வேளைகளில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போனால் உள்ளே இருந்ததை மீட்பது கடினம். மகளின் நிக்காஹ் வீடியோ, மறைந்த வாப்புச்சியின் ஒரே படம், காணி உறுதியின் பிரதி எல்லாம் விளையாட்டோடு ஒரே வட்டில் கிடக்கின்றனவா?

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அது நலமாகத் தெரிந்தால், யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டுத் தரச் சொல்லுங்கள். விளையாட்டு ஓட அது மெதுவானது. படங்களைப் பத்திரப்படுத்த அந்த வேகம் தாராளம். படங்களையும் பத்திரங்களையும் அதில் பிரதி செய்து, பெயரெழுதி ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகி வெள்ளம் ஏறும் தாழ்வான பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால், அந்தப் பெட்டி மேட்டில் இருக்கும் ராத்தா வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.