பாயா உருகும்... ஷூ உருகாது!

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஆட்டுக்கால் பாயாவை ஒரு பிடி பிடிச்சிருக்கீங்களா? ஆறினா கெட்டியாகும், சூடு பண்ணினா மறுபடி ஓடும். எல்லாம் கொலாஜன் செய்யும் வேலை! மூணு இழை முறுக்கின கயிறு மாதிரியான புரதம் இது. இந்த வடிவத்தை 1954-ல் சொன்னவர்கள் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

கொதிக்கவெச்சா முறுக்கு பிரிஞ்சு, ஜெலட்டினாகிக் குழம்பில் கரையும். பச்சைத்தோலும் கொலாஜன்தான், சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிடும். குரோமியம் உப்பு சேர்த்தா கதையே வேற! இழைகளுக்கு நடுவே வேதிப் பாலம் விழுந்து, கொதிநீரில் போட்டாலும் சுருங்காது, உருகி ஓடாது. அதுதான் ஷூ தோல்!

சிக்கல் என்னன்னா, பாலமாகாத மிச்ச குரோமியம் கழிவுநீரில் போயிடும். பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. அந்த வீணைக் குறைக்கும் முறையை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கு. குரோமியமே இல்லாத உறுதியான பாலம்? கெமிஸ்ட்ரி மக்களே, களம் ரெடி!