உங்களுக்குத் தெரியுமா? பாட்டு நோட்டில் வேதக் கதை

யூத வீடு ஒவ்வொன்றிலும் தோரா என்னும் யூத வேதம், சங்கீதம் என்னும் துதிப்பாடல் நூல், பிரார்த்தனை நூல் மூன்றும் இருக்க வேண்டும், படிக்கவும் வேண்டும் என்று 1974-இல் நியூயார்க்கில் இயக்கம் தொடங்கினார் யூத குரு மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன்.

நம் சோழபுரத்துக்கு மேற்கே, மலை தாண்டினால் கேரளம். அங்கே கொச்சி யூதப் பெண்கள் வேதத்தை வீட்டில் பேணுவதைத் தலைமுறைகளாகத் தங்கள் வழியில் செய்தவர்கள். வேதக் கதைகளை மலையாளப் பாட்டாக நோட்டில் கைப்பட எழுதிவைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் கூடிப் பாடினார்கள். மார்கழியில் திருப்பாவை கேட்டு வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நோட்டுகளும் கூடவே போயின. அந்தப் பாடல்களின் தொகுப்பான ‘கார்குழலி’ 2005-இல் ஜெருசலேமில் வெளியானது.

உங்கள் பாட்டியின் பாட்டு நோட்டு பரணில் இருந்தால், இன்றே எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.