உங்கள் பாதம் தட்டையா?

குட்டீஸ்! இன்று ஒரு சின்னச் சோதனை செய்வோமா?

குளித்து முடித்ததும், ஈரக்காலோடு காய்ந்த சிமென்ட் தரையில் ஏறி நில்லுங்கள். பிறகு நகர்ந்து, பதிந்த தடத்தைப் பாருங்கள். பலருக்கு விரல் பக்கமும், குதிகாலும் அகலமாகப் பதிந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் தெரியும். உட்பக்கம் பிறை வடிவில் ஈரமே படாமல் இருக்கும். சிலருக்கு அந்தப் பிறையைக் காணோம். மொத்தப் பாதமும் அப்படியே அப்பியிருக்கும். அதைத்தான், 'தட்டைப் பாதம்' என்கின்றனர்.

உடனே பயந்து விடாதீர்கள்! பிறக்கும்போது எல்லாருக்கும் தட்டைப் பாதம்தான். உங்கள் வீட்டுப் பாப்பாவின் உள்ளங்காலைப் பாருங்கள்... கொழுகொழுவென்று கொழுப்புதான் இருக்கும். வளர வளரத்தான் வளைவு வரும். ஆறு வயதுக்குள் பலருக்கு வந்துவிடும். சிலருக்கு பத்து வயது வரை கூட ஆகும். சிலருக்கு கடைசி வரை வருவதே இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் கிடையாது. ஓடுவர், ஆடுவர், மரம் ஏறுவர்!

சரி, அந்த வளைவு எதற்கு? லாரி சக்கரத்துக்கு மேலே வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தில் இறங்கினால் அவை அமுங்கி, அதிர்ச்சியைத் தாங்கும். ஒரு பாதத்தில், 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைத் தசைநார்கள் இழுத்துக் கட்டி, அதே வில் வேலையைச் செய்கின்றன. வில் தாழ்ந்து போனால், கணுக்கால் உட்பக்கமாகச் சாயும். அதை நிமிர்த்தி வைக்க, காலின் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். சிலருக்கு, மாலையில் உள்ளங்காலும், கெண்டைக்காலும் வலிப்பது இதனால்தான்.

எனக்கும் தட்டைப் பாதம்தான். பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்றால் நான்தான் கடைசி. 'சோம்பேறி' என்று பட்டப்பெயர் வேறு! இரவில் கால் வலிக்கும்போது அம்மா தைலம் தேய்த்து, 'வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்டா இருக்கும்' என்பார். ஷூவின் குதிகால் உட்பக்கம் மட்டும் தேய்ந்து போவதை யாரும் கவனிக்கவில்லை. நானும் வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சொன்னால் விளையாட்டில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

இப்படி வலி இருப்பவர்களுக்குக் கைகொடுப்பதுதான், 'இன்சோல்!' ஷூவுக்குள் போடும் அட்டை. நடுவில் உட்பக்கம் சற்று மேடாகவும், குதிகால் உட்காரும் இடம் சிறு கிண்ணம் போலக் குழிந்தும் இருக்கும். அந்த மேடு, தாழ்ந்த வளைவைக் கீழிருந்து தாங்கும். கிண்ணம், குதிகாலைச் சாயவிடாமல் பிடிக்கும். தசைகளுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால், ஒன்று... இன்சோல் போட்டால் பாதம் வளைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1989ல், அமெரிக்காவில், தட்டைப் பாதச் சிறுவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து ஓர் ஆய்வு வெளியானது. சிறப்பு ஷூவும், இன்சோலும் போட்டவர்களின் பாதத்துக்கும், போடாதவர்களின் பாதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை! மூக்குக்கண்ணாடி மாதிரிதான் இது. போட்டிருக்கும் வரை உதவும். வலியே இல்லாதவர்களுக்கு இன்சோல் வீண்செலவு.

நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவைச் சேர்ந்த மருத்துவர்கள், 2,300 சிறுவர், சிறுமியரின் பாதத் தடங்களைப் பார்த்து, 1992ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செருப்பு, ஷூ அணிந்து பழகியவர்களில், 100க்கு எட்டு, ஒன்பது பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில், 100க்கு மூன்று பேர் கூட இல்லை! மணலில் வெறுங்காலோடு விளையாட இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? முள்ளும், கண்ணாடியும் இல்லாத இடமாக இருக்கட்டும்.

வலி இருந்தால், முதலில் அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். எலும்பு மருத்துவர், உங்களை நுனிக்காலில் நிற்கச் சொல்வார். அப்போது வளைவு எழும்பினால், பாதம் நெகிழ்வாக இருக்கிறது என்று பொருள். எழும்பாமல் விறைப்பாகவே இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, வீங்கினாலோ தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். யாரையும் கேட்காமல், ஒரு கடையில் கல் போன்ற இன்சோலை வாங்கி, முதல் நாளே காலை முதல் மாலை வரை போட்டுக்கொண்டேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்! முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று பழக்க வேண்டும். ஷூவில் ஏற்கெனவே உள்ள அட்டையை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். இல்லாவிட்டால், விரல்கள் நசுங்கும். கால் வளர்ந்து ஷூ மாறினால், இன்சோலும் மாற வேண்டும். அண்ணனின் பழசு உங்களுக்கு ஆகாது.

கூடவே, கால் விரல்களால் கோலிக்குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுப் பழகுங்கள். பாதத் தசைகளுக்கு நல்ல பயிற்சி. தம்பி, தங்கையோடு போட்டியும் வைக்கலாம்.

அப்புறம், சோதனை செய்த ஈரத் தரையைத் துடைத்துவிட்டீர்களா? அம்மா வழுக்கி விழுவதற்குள் ஓடுங்கள்!