தகவல் துளி: பூங்கா இருந்த இடம்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்காவில் 1971 முதல் நீராவிப் படகு சுற்றிவந்த செயற்கை ஆற்றை, 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். அங்கே 'கார்ஸ்' திரைப்படத்தை ஒட்டிய புதிய பகுதி வருகிறது. பழையது இருக்கட்டும் என்று ஒரு சாரார், புதியது வரட்டும் என்று மறு சாரார். ரசிகர்களிடையே பெரிய வாக்குவாதம்.

பழையது போய்ப் புதியது வருவதை நம் சென்னையும் பார்த்ததுதான். பேசின் பிரிட்ஜைத் தாண்டி சென்ட்ரலில் இறங்குகிறோமே, அந்த வட்டாரத்தில்தான் 1859-இல் கவர்னர் டிரவெல்யன் முயற்சியால் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. 116 ஏக்கர் பரப்பு. குளங்கள், பேண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சி சாலை என்று எல்லாம் இருந்தன. பிறகு அந்த நிலத்தில் ஒவ்வொன்றாக வந்தன: விக்டோரியா பப்ளிக் ஹால், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் நேரு ஸ்டேடியம்.

1985-இல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. விலங்குகளுக்குக் காடு போன்ற விசாலமான இடம் கிடைத்தது; அது நல்ல மாற்றம். ஆனால் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருந்த பெரிய பூங்கா கைவிட்டுப் போனது. புதியது வரட்டும், பொதுமக்களின் பசுமை நிலத்தை மட்டும் அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பூங்காக்களையாவது காப்போம்!