அகிதாவின் உப்புக் கணக்கு

ஜப்பானியர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்களுடைய சாப்பாடுதான் காரணம் என்பார்கள். மீன், சோயா, காய்கறி, பச்சைத் தேநீர், எண்ணெயும் குறைவு. எல்லாம் சரிதான். ஆனால் இதே சாப்பாட்டைச் சாப்பிட்டு வந்த நாட்டில், 1951 முதல் 1980 வரை மிக அதிகம் பேரைப் பலிகொண்டது பக்கவாதம். அதற்குப் பின்னால் இருந்தது உயர் ரத்த அழுத்தம்.

வடகிழக்கிலுள்ள அகிதா மாகாணத்தின் நிலை படுமோசம். பனி மூடும் குளிர்காலத்தில் அங்கே காய்கறி விளையாது. அதனால் முள்ளங்கியை அடுப்புப் புகையில் உலர்த்தி, உப்பும் தவிடும் சேர்த்து ஊறப்போட்டுவிடுவார்கள். மீனும் உப்பிட்டதுதான். வேளை தவறாமல் மிசோ என்னும் உப்புச் சோயா விழுதில் செய்த சூப். தட்டு நிறையச் சோறு, அதை உள்ளே தள்ள ஊறுகாய். அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டால் 1960இல் வெளியிட்ட கணக்குப்படி, வட ஜப்பானில் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட உப்பு சுமார் 27 கிராம், தெற்கில் 14. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்போ 5 கிராமுக்கும் கீழே!

உப்பு கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் அளவு பெருகி, குழாய்களின் சுவரை அழுத்துகிறது.

அகிதாவுக்கு வடக்கே உள்ள அவோமோரியிலும் உப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆப்பிள் விளையும் மண். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் நவோசுகே சசாகி 1950களில் அங்கே ஆராய்ந்தபோது, ஆப்பிளை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருப்பதைக் கண்டார். பழத்திலுள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது.

உப்பைக் குறைத்ததில் பாராட்ட வேண்டியது நாகானோ மாகாணத்தை. மலைநாடான அங்கேயும் ஊறுகாய்தான், பக்கவாதம்தான். சுகாதாரத் தொண்டர்களான உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய், மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். சூப்பை விடச் சொல்லவில்லை. காய்கறியை அள்ளிப் போட்டு, சூப்பின் நீரைக் குறைக்கச் சொன்னார்கள். மாமியார் கைப்பக்குவத்தில் உப்பைக் குறைப்பது எந்த ஊரிலும் லேசான காரியமா என்ன! 1990இல் ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் கொண்ட ஆண்கள் நாகானோக்காரர்கள்.

நாடு முழுவதும் பக்கவாத மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மருந்துகளுக்கும், ஊறுகாயின் வேலையைக் குறைத்த குளிர்சாதனப் பெட்டிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் ஜப்பானியர் இன்றும் சராசரியாகச் சுமார் 10 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. ராமென் என்னும் நூடுல்ஸ் சூப்பை ஒரு கிண்ணம் கடைசிச் சொட்டு வரை குடித்தால் 5 கிராமைத் தாண்டிவிடும்.